வல்லை வெளிப் பனியும் சட்டக விதிகளும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தை பிறந்தால் என் போனுக்கு ஒரே மாதிரியான கேள்விகள் வரத் தொடங்கிவிடும். விடியப்புறம் என்னோடு யாழ்ப்பாணத்து வல்லை வெளிக்கும் பண்ணைக் களப்புக் கரைக்கும் படம் எடுக்க வருகிற பெடியள், பிள்ளைகள் கேட்பவை அவை: பனியை எப்படிப் பிடிப்பது, படச் சட்டகத்துக்குள் எதை எங்கே வைப்பது என்று. விடுமுறைக்குக் கனடாவிலிருந்து வந்த ஒரு மாமா மூன்று தரம் கேட்டதும் கீழே இருக்கிறது. சொல்லிச் சொல்லிக் களைத்துப்போய் எழுதி வைக்கிறேன். கேள்விகளை அவர்கள் கேட்டபடியே விட்டிருக்கிறேன்.

அண்ணை, எங்கட ஊரில மலையே இல்லை. பனிப்புகார் படத்துக்கு நுவரெலியாவுக்குத்தானே போகவேணும்?

எங்கள் ஊரில் மலை இருப்பது கீரிமலையின் பெயரில் மட்டும்தான், உண்மை. ஆனால் நுவரெலியாவில் நீங்கள் பார்ப்பது பெரும்பாலும் மலைச்சரிவில் வந்து மோதி நிற்கிற முகில். எங்களுடையது நிலத்திலேயே பிறக்கிற பனி. அது முழங்கால் உயரத்தில் தொடங்கி, பனையின் கழுத்துவரை ஏறி, அதன் தலையான வட்டை மட்டும் வெளியே விட்டுவைக்கும். அந்தக் காட்சிக்குத் தட்டையான நிலம் வேண்டும்.

மலைநாட்டில் ஒன்றன்பின் ஒன்றாக நிற்கும் மலைகள் ஆழத்தைக் காட்டுகின்றன. இங்கே அந்த வேலையைப் பனங்கூடல் செய்கிறது. கிட்ட நிற்கும் பனை கறுப்பு, அடுத்த வரிசை சாம்பல், அதற்கடுத்தது இருக்கிறதோ இல்லையோ என்ற சந்தேகம். இதற்குக் கணக்கும் உண்டு: பனிக்குள் 100 மீற்றரில் ஒரு பொருளின் தெளிவு பாதியாகிறது என்றால், 200 மீற்றரில் கால்தான் மிஞ்சும், 300 மீற்றரில் அரைக்கால். அதனால்தான் மூன்றாம் வரிசைப் பனைக்குப் பிறகு உலகம் முடிந்துவிடுகிறது.

எப்ப வரும்? முதல் நாளே தெரிஞ்சுகொள்ள ஏலுமோ?

ஓரளவுக்கு. ஐப்பசி, கார்த்திகை மழையில் நிலம் ஊறிக் கிடக்கவேண்டும். மழை விட்டு, வானம் வெளித்து, இரவில் நட்சத்திரம் தெரியவேண்டும். மூடுமுகில் இல்லாத இரவில் நிலம் தன் சூட்டை மேலே விட்டுவிட்டுக் குளிரும். அதை ஒட்டி நிற்கிற ஈரக் காற்றும் குளிர்ந்து துளியாகும். காற்று அடித்தால் எல்லாம் கலைந்துவிடும். ஆகவே முதல் நாள் இரவு முற்றத்தில் நின்று பாருங்கள்: வானம் தெளிவு, தென்னோலை அசையவில்லை, வாடைக்காற்று இல்லை என்றால் அலாரத்தை 4.30க்கு வையுங்கள்.

மார்கழிக் கடைசியிலிருந்து மாசி வரைக்கும் நல்ல காலம். ‘தைப்பனி தரையைத் துளைக்கும், மாசிப்பனி மச்சைத் துளைக்கும்’ என்று அப்பாச்சிமார் சொன்னதை நான் வானிலை அறிக்கையைவிட நம்புவேன். தை மாதத்தில் சூரியன் ஆறரை மணியை ஒட்டி எழும்பும். அதற்கு முன் ஒரு இருபது, இருபத்தைந்து நிமிடம் நீல வெளிச்சம்; எட்டு, எட்டரைக்குள் கதை முடிந்துவிடும்.

மூன்றிலொரு பங்கு விதி எண்டு எல்லாரும் படிப்பிக்கினம். நீங்கள் மட்டும் ஏன் அதை விடச் சொல்லுறியள்?

நான் விடச் சொல்லவில்லை. அது ஏன் வந்தது என்று கேட்கச் சொல்கிறேன்.

சட்டகத்தைக் குறுக்கும் நெடுக்குமாக மூன்றாகப் பிரித்து, பொருளை நடுவில் வைக்காமல் அந்தக் கோடுகளில் வை என்பதுதான் அந்த விதி. இதற்குப் பெயர் வைத்து எழுதியவர் ஜோன் தோமஸ் ஸ்மித் என்ற ஆங்கிலேயச் சித்திரக்காரர், 1797இல். கமரா பிறக்கவே இல்லாத காலம். நாட்டுப்புறக் காட்சியை வரையும்போது நிலத்துக்கு எவ்வளவு, வானத்துக்கு எவ்வளவு, வெளிச்சத்துக்கு எவ்வளவு, நிழலுக்கு எவ்வளவு என்பதே அவருடைய கவலை. சரிபாதியாகப் பிரித்தால் இரண்டு பாதியும் ஒன்றோடொன்று சண்டை பிடிக்கும், ஆகவே ஒன்றைப் பெரிதாக்கு என்பது அதன் சாரம். நிறையப் பொருட்கள் உள்ள காட்சிக்கு அது நல்ல புத்திமதி. நல்லூர்த் தேர்முட்டியடியில் நின்று எடுத்தால் நானும் அதைக் கேட்டு நடப்பேன்.

வல்லை வெளியில் ஒரு பனிக்காலையை நினையுங்கள். வானமும் இல்லை, நிலமும் இல்லை. ஒரு பனை நிற்கிறது. சண்டை பிடிக்க இரண்டாவது ஆளே இல்லாத இடத்தில் விலக்குப் பிடிக்கிறவருக்கு என்ன வேலை?

அதற்காக எப்போதும் நடுவில் வை என்பதும் பிழை. ஒரே பனையை மூன்று தரம் எடுத்துப் பாருங்கள். நடுவில் வைத்தால் அது நிற்கிறது. அவ்வளவுதான், அமைதியாக நிற்கிறது. மூன்றிலொரு பங்கில் வைத்தால் மற்றப் பக்கத்து வெறுமையை அது பார்த்துக்கொண்டிருப்பதுபோல் இருக்கும். சட்டகத்தின் ஓரத்தில், விழப்போகிற இடத்தில் வைத்தால் யாரோ இப்போதுதான் போய்விட்டார்கள் என்ற உணர்வு வரும். மூன்றும் மூன்று கதை. உங்களுக்கு எந்தக் கதை வேண்டும் என்று தெரியாமல் கமராவின் கட்டக்கோட்டைப் பார்த்துப் பனையை நகர்த்தாதீர்கள்.

என் சொந்தப் பழக்கம்: நேரான பனைக்கு நடு, சாய்ந்த பனைக்கு ஓரம். ஷெல்லடியில் தலை போன மொட்டைப் பனை இன்னும் சில இடங்களில் நிற்கிறது. அதை நான் நடுவில்தான் வைப்பேன். ஏன் என்று எனக்கே விளக்கத் தெரியாது.

அடிவானத்தை நடுவில வைக்கக் கூடாதாமே?

பண்ணைப் பாதையில் நின்று மண்டைதீவுப் பக்கம் பாருங்கள். களப்பு அசையாமல் கிடக்கும். கடலும் வானமும் ஒரே சாம்பல். நடுவில் மீன் பிடிக்க நட்ட களங்கட்டியின் தடிகள், அவற்றின் நிழல் தலைகீழாக. இதில் அடிவானத்தை மேலே தூக்கினால் வானம் வெட்டுப்படும், கீழே இறக்கினால் நிழல் வெட்டுப்படும். சரி நடுவில் வைத்தால் தடியும் அதன் நிழலும் சேர்ந்து ஒரே எழுத்துப்போல் தெரியும். கடல் எது, வானம் எது என்ற கேள்வியே படமாகிவிடும். விதி பயப்படுகிற அந்தச் சரிபாதிதான் இங்கே எங்களுக்குத் தேவை.

யப்பானியப் படப்பிடிப்பாளர் ஹிரோஷி சுகிமோட்டோ 1980இலிருந்து உலகத்துக் கடல்களை எடுத்துவருகிறார். மேல்பாதி வானம், கீழ்பாதி கடல், அடிவானம் நட்டநடுவில். ஒன்று இரண்டல்ல, ஒரு தொடர் முழுக்க அப்படி. அந்தப் படங்களில் சிலவற்றில் பனிக்குள் அடிவானமே கரைந்துபோயிருக்கும்.

முன்னுக்கு ஒரு கல்லோ செடியோ இருந்தால்தான் ஆழம் வருமெண்டு படிச்சன். வெளியில கல்லுக்கு எங்க போறது?

போகவேண்டாம். முன்னால் பொருள் வைக்கச் சொல்வது, தட்டையான படத்தில் தூரத்தைக் காட்ட. பனி அந்தத் தூரத்தைச் சும்மா இருக்கவே காட்டுகிறது. அதற்கு மேல் நீங்கள் ஒரு பச்சைச் செடியைக் கிட்ட வைத்தால், படத்திலேயே கறுப்பானதும் நிறமானதும் கூர்மையானதும் அதுவாகிவிடும். கண் அதிலேயே நிற்கும், பனைக்குப் போகாது.

ஆகவே அகலக் கோண லென்ஸைப் பைக்குள் வையுங்கள். அகலக் கோணம் கிட்ட உள்ளவற்றைப் பெரிதாக்கும். கிட்ட உள்ளவற்றுக்கும் உங்களுக்கும் இடையில் பனியே இல்லை. பிறகு ‘நேரில பாக்கேக்க நல்ல புகார், படத்தில ஒண்டையும் காணேல்லை’ என்று எனக்குச் செய்தி அனுப்புவீர்கள். 100, 200 மில்லிமீற்றர் லென்ஸ் போட்டுத் தூரத்து வரிசைகளை மட்டும் பிடியுங்கள். நிலக்காட்சிக்கு அகலக் கோணம் என்பதும் ஒரு விதிதான். பனியில் முதலில் உடையவேண்டியது அது.

விலக்கு ஒன்று சொல்லலாம். பனி இறங்கிய கிடுகு வேலி, அதற்கப்பால் மங்கலாக ஒரு வீட்டு ஓடு. அங்கே வேலி முன்பொருள் அல்ல, அதுதான் படம்.

என்ர படத்தைப் பாத்திட்டு ‘இதில ஒண்டுமே இல்லையே’ எண்டு வீட்டில கேக்கினம். என்ன சொல்லுறது?

என் அம்மா அதைவிட நன்றாகக் கேட்டா. பெரிதாக அச்சடித்துச் சட்டம் போட்டுக் கொண்டுவந்த படத்தைப் பார்த்து, ‘தம்பி, படம் எங்கை?’ என்றா. வெள்ளைத் தாளை வைத்துக் கண்ணாடி போட்டுவிட்டார்கள் என்று நினைத்திருக்கிறா. பிறகு கண்ணாடியைப் போட்டுக்கொண்டு கிட்டப் போய், ‘ஓ, ஆரோ சைக்கிளில போகினம்’ என்றா. அந்த ‘ஓ’வுக்காகத்தான் நான் சைக்கிளை அவ்வளவு சிறிதாக விட்டேன்.

சட்டகத்தை நிரப்பு, கிட்டப் போ என்பது படப்பிடிப்பில் முதலில் சொல்லித்தரும் பாடம். வெறுமையும் ஒரு பொருள் என்பதைக் கீழைத்தேயத்து ஓவியர்கள் எப்போதோ தெரிந்துவைத்திருந்தார்கள். பதினாறாம் நூற்றாண்டில் யப்பானில் ஹசெகாவா தோஹாகு மூடுபனிக்குள் பைன் மரங்களை மையால் வரைந்தார். மடிப்புத் திரைகள் இரண்டு. தோக்கியோ தேசிய அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. அதில் பெரும்பகுதி வெறும் தாள். மரம் பாதி தெரியும், பாதி இல்லை. பைனை எடுத்துவிட்டுப் பனையை வைத்தால் அது அச்சுவேலிக்கும் வல்லைக்கும் இடையில் எங்கேயோ எடுத்ததுபோலவே இருக்கும்.

ஆனால் வெறுமை என்ற பெயரில் சோம்பேறித்தனமும் நடக்கிறது. சோதித்துப் பார்க்க ஒரு வழி: படத்தில் இருக்கிற அந்த ஒரே பொருளை விரலால் மூடுங்கள். மூடியதும் படமே இல்லாமல் போனால் வெறுமை வேலை செய்கிறது. மூடியும் ஒன்றும் மாறவில்லை என்றால் அம்மா சொன்னதுதான் சரி.

பாதை, மின்கம்பம், தண்டவாளம் எல்லாம் கண்ணை ஒரு பொருளிட்டக் கொண்டுபோகவேணுமெண்டு சொல்லுவினம். பனியில அது போய் முடியிற இடமே தெரியேல்லை.

முடிய வேண்டாம். ஊர்காவற்றுறைப் பாதையில் மின்கம்பங்கள் ஒன்று, இரண்டு, மூன்று, நாலு என்று மெலிந்து, ஆறாவதோடு காணாமல் போகும். அது எங்கேயும் கொண்டுபோய் விடாத கோடு. வெயிலில் அப்படி எடுத்தால் குறை. பனியில் கண் தானாக ஏழாவது கம்பத்தைத் தேடும்.

பாதை நடுவில் நின்று எடுக்காதீர்கள். பனிக்குள் வருகிற பஸ் சாரதிக்கு உங்கள் சட்டக அமைப்பில் அக்கறை இல்லை. கரையில் நின்று நீளமான லென்ஸால் எடுத்தால் அதே படம் கிடைக்கும். தண்டவாளத்தில் நிற்கவே கூடாது. 2014 ஒக்டோபரில் யாழ்தேவி ரயில் திரும்பி வந்ததிலிருந்து அது வெறும் அலங்காரம் இல்லை.

பறவை பறக்கிற பக்கம் இடம் விடவேணும்தானே?

பெரும்பாலும். ஆனால் பனிக்குள் போகிற பூநாரைக் கூட்டத்தைச் சட்டகத்தின் விளிம்பில், வெளியே போகிற திசையில் பிடித்துப் பாருங்கள். பின்னால் விட்ட வெள்ளை, அவை வந்த தூரம்போல் இருக்கும்.

அப்ப எல்லா விதியையும் மீறலாம் எண்டுறியள்?

இல்லை. இதைத்தான் கனடா மாமா மூன்று தரம் கேட்டார்.

மட்டம் பிசகக் கூடாது. அடிவானம் தெரியாத படத்தில் கமரா சரிந்தால் யாருக்கும் தெரியாது என்று நினைப்பீர்கள். மின்கம்பமும் களங்கட்டித் தடியின் நிழலும் காட்டிக்கொடுத்துவிடும். வெறுமையான படத்தில் ஒரு பாகைச் சரிவு, நிரம்பிய படத்தில் ஐந்து பாகைக்குச் சமம்.

விளிம்புகளைப் பார்க்கவேண்டும். மூலையில் நுழைந்த ஒரு வயர்த்துண்டு, பொலித்தீன் பை, பாதி வெட்டுப்பட்ட வடலி: சந்தையில் எடுத்த படத்தில் இவை மறைந்துவிடும், பனியில் இவைதான் கதாநாயகர்.

இரண்டு பனையின் தலைகள் ஒன்றோடொன்று முட்டிக்கொள்ளவும் விடாதீர்கள். நிழலுருக்களுக்கு இடையில் ஒரு விரற்கடை வெளிச்சம் வேண்டும். இதற்கு லென்ஸ் மாற்றத் தேவையில்லை, இரண்டடி இடப்பக்கம் நகர்ந்தால் போதும். பனியில் நான் செய்யும் வேலையில் பாதி இந்த இரண்டடிதான்.

படம் சாம்பலாய், இருட்டாய் வருது.

கமராவின் வெளிச்ச அளவி எதைப் பார்த்தாலும் நடுத்தரச் சாம்பலாக்கவே பார்க்கும். வெள்ளைப் பனியையும் சாம்பலாக்கும். எக்ஸ்போஷரை, அதாவது கமரா எடுக்கிற வெளிச்சத்தின் அளவை, முக்கால் முதல் ஒன்றேகால் ஸ்டொப் வரை கூட்டுங்கள். வெளிச்சம் எப்படிப் பரந்திருக்கிறது என்று காட்டும் ஹிஸ்டோகிராம் வரைபடம் வலப்பக்கம் போகலாம், சுவரில் முட்டக் கூடாது. நிறச் சமநிலையைத் தானியங்கியில் விடாமல் பகல் வெளிச்சத்தில் வைத்தால் விடியலின் நீலம் நீலமாகவே நிற்கும்.

பொக்கஸ் பிடிக்காமல் லென்ஸ் முன்னும் பின்னும் ஓடுது.

பனைத்தண்டின் ஓரம்போல் கறுப்பும் வெள்ளையும் சேருகிற விளிம்பில் பிடியுங்கள். அதுவும் சரிவராவிட்டால் கையால் திருப்புங்கள். லென்ஸே புகார் பிடித்திருந்தால் ஏசி அறையிலிருந்து நேரே வெளியே வந்திருப்பீர்கள்; கமராவைப் பைக்குள் மூடியபடியே அரைமணி நேரம் வெளியில் வைத்திருங்கள். சட்டைத் தலைப்பால் துடைக்க வேண்டாம், களப்பு ஓரத்துக் காற்றில் உப்பு இருக்கிறது.

போனில எடுக்கலாமோ?

தாராளமாக. அகலக் கோணத்தை விட்டு இரண்டு மடங்கு, மூன்று மடங்கு லென்ஸுக்குப் போங்கள். பனையைத் தொட்டு அமத்திப் பிடித்தால் வெளிச்சமும் பொக்கஸும் பூட்டிக்கொள்ளும். பிறகு சூரியக் குறியை மேலே இழுத்து வெளிச்சத்தைக் கூட்டலாம். இருட்டையும் வெளிச்சத்தையும் சமப்படுத்தப் பார்க்கிற எச்டிஆரை நிறுத்த முடிந்தால் நிறுத்துங்கள். போன் நல்லபிள்ளைபோல் பனியைத் துடைத்துவிடப் பார்க்கும்.

பிறகு கணினியில டீஹேஸ் போடலாமோ?

குளிருக்குள் நாலரைக்கு எழும்பிப் போய் எடுத்த பனியை டீஹேஸ் என்கிற, புகார் நீக்கும் தள்ளுக்கோட்டால் அழிப்பதா? அதை இடப்பக்கம் தள்ளுங்கள், அல்லது தொடாதீர்கள். கறுப்பைக் கொஞ்சம் ஆழமாக்கினால் போதும்.

இரண்டு தொழில்நுட்பத் தொல்லை மட்டும் கவனம். வெறுமையான சாம்பலில் சென்சர்த் தூசி அம்மைத் தழும்புபோல் தெரியும், அதுவும் லென்ஸின் துவாரத்தை எப்/16க்குச் சுருக்கி எடுத்தால். எப்/8 போதும். மற்றது, மெல்ல மாறும் சாம்பல், சுருக்கிச் சேமிக்கும் ஜேபெக் கோப்பில் படிபடியாக உடையும். கமராவின் மூலக் கோப்பான ரோவில் எடுத்து, கடைசியில் ஒரு சிட்டிகை மணித்துகள் (கிரெய்ன்) சேர்த்தால் மறையும்.

இது பனிதானோ, புகையோ எண்டு எப்பிடித் தெரியும்?

பனி ஈரம், சைக்கிள் சீற்றில் கை வைத்தால் தெரியும். ஒன்பது மணிக்குள் வெயிலில் கலையும். புகை மண்டலம் காய்ந்தது, மண்ணிறமானது, மத்தியானமும் நிற்கும். 2022 மார்கழி முற்பகுதியில் காற்று மாசுபட்டு வந்தது அப்படியான ஒன்று, பள்ளிக்கூடங்களை மூடினார்கள். அன்று பலர் ‘அழகான பனி’ என்று படம் போட்டார்கள். இருமிக்கொண்டு எடுத்த படம்.

பனிக்கு மேலால ட்ரோன் விட்டால்?

சிவில் விமானப் போக்குவரத்து அதிகாரசபையின் அனுமதி வேண்டும். பனிக்குள் உங்கள் கண்ணுக்குத் தெரியாத இடத்தில் பறக்கவிடுவது அனுமதி இருந்தாலும் புத்தி இல்லை. முகாம், காவலரண் பக்கம் எந்தக் கமராவையும் திருப்பாதீர்கள். பனி விலகினால்தான் எதை எடுத்தீர்கள் என்று தெரியவரும்.

செம்மணி வெளியிலயும் நல்ல பனி. அங்க ஏன் கூட்டிக்கொண்டு போறேல்லை?

நாவற்குழிக்குப் போகும்போது நானும் பார்க்கிறேன். உப்பளப் பக்கம், விடியற்காலை, ஒரு கொக்கு. அழகுதான். ஆனால் 1999இல் அந்த மண்ணில் மனிதப் புதைகுழிகளைத் தோண்டி எலும்புக்கூடுகளை எடுத்தார்கள். 2025இலும் அங்கே சித்துப்பாத்தி மயானத்தில் எடுத்தார்கள், குழந்தைகளுடையவையும். பனிப் படத்தில் வெறுமைக்கு நான் கொடுக்கிற அர்த்தம் ‘இங்கே ஒன்றுமில்லை’ என்பது. செம்மணியில் அதைச் சொல்ல எனக்கு வாய் வராது. நீங்கள் எடுக்க நினைத்தால் எடுங்கள். கமராவைத் தூக்கமுதல் அது என்ன இடம் என்று தெரிந்துகொண்டு தூக்குங்கள்.

மீன்பிடிக்கிற ஆக்களை எடுக்கலாமோ?

கேட்டுவிட்டு. பனியில் முகம் தெரியாது என்பதால் கேட்கத் தேவையில்லை என்று சிலர் வாதாடுகிறார்கள். ஊரில் நடையைப் பார்த்தே ஆள் சொல்லுவார்கள். ‘ஐயா, ஒரு படம் எடுக்கட்டோ?’ என்று கேட்டால் பெரும்பாலும் சிரித்துவிட்டு வலையைப் பார்ப்பார்கள். அந்தச் சிரிப்புக்குப் பிறகு பத்து நிமிடம் சும்மா நில்லுங்கள். அவர்கள் உங்களை மறந்த பிறகு எடுக்கும் படம்தான் படம்.

இப்பிடி எடுத்த படத்தைப் போட்டிக்கு அனுப்பினால் எடுபடுமோ?

சொல்ல முடியாது. நட்டநடுவில் ஒரு தோணி, சுற்றிலும் ஒன்றுமில்லை. அப்படி ஒரு படத்தை நான் ஒரு போட்டிக்கு அனுப்பினேன். ‘பொருள் நடுவில் உள்ளது’ என்ற ஒரு வரியோடு திரும்பி வந்தது. தோணிக்காரரிடம் காட்டினேன். அவர் தோணியைப் பார்க்கவே இல்லை. வலப்பக்கத்து வெள்ளையைக் காட்டி, ‘இதுக்கை என்ர தம்பியின்ர வள்ளம் நிண்டது’ என்றார்.

வெள்ளெனப் போயும் பனி வராட்டி?

வராத நாள்தான் கூட. போன மாசியில் எட்டுத் தரம் போனேன், இரண்டு தரம் கிடைத்தது. மற்ற நாட்களில் வல்லை முனியப்பர் கோயிலடியில் சைக்கிளை நிறுத்தி, வாடை எழும்புகிற சத்தத்தைக் கேட்டு, சரி என்று திருநீறு பூசிக்கொண்டு நெல்லியடிக்கு விட்டுவிடுவேன். அங்கே பிளேன்ரீயும் பருத்தித்துறை வடையும் கிடைக்கும். வடையைக் கையில் வாங்கமுதல் கமராவைப் பைக்குள் வையுங்கள், எண்ணெய் லென்ஸில் பட்டால் பனியைவிட மோசம்.